கெட்சாலுக்கு ஒரு காடு போதாது

குவாத்தமாலாவில் ரொட்டி வாங்கினாலும் பேருந்தில் ஏறினாலும் கொடுக்கிற பணத்தின் பெயர் கெட்சால். நாட்டின் கொடியில் இருக்கும் சின்னத்திலும் அதே பெயர் கொண்ட பறவைதான் உட்கார்ந்திருக்கிறது. 1871-இல் சின்னத்தில் ஏறியது, 1924-இல் பணத்துக்கே பெயராகிவிட்டது. இப்படி நாள்தோறும் கைமாறும் பறவையை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால், மேகம் படியும் மலைக்காட்டுக்குள் ஏறிப் போக வேண்டும். போனாலும் பார்த்துவிடலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வருஷத்தில் சில மாதங்கள் அது அந்தக் காட்டில் இருப்பதே இல்லை.

அப்போது எங்கே போகிறது? இதற்குத் தெளிவான விடை கிடைக்க 1990கள் வரை ஆனது. கிடைத்த விடை கொஞ்சம் சங்கடமானதும்கூட. கெட்சாலுக்கு அடைக்கலம் என்று நினைத்து வளைத்துக் காத்த காடு, அதன் வருஷத்தில் ஒரு பகுதிக்குத்தான் வீடாக இருந்தது.

கெட்சால் வாழ்வது தெற்கு மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில் தொடங்கி குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்ட்டா ரிக்கா வழியாக மேற்குப் பனாமா வரை. வரைபடத்தில் பார்த்தால் நீளமான பரப்பாகத் தெரியும். ஆனால் அந்த நீளம் முழுவதும் அது கிடையாது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டருக்கு மேல், 3,000 மீட்டருக்குக் கீழ், அதுவும் பெரும்பாலும் மேகம் வந்து தங்கும் ஈரக் காடுகளில்தான். எனவே உண்மையான வரைபடம் என்பது மலை உச்சிகளில் ஆங்காங்கே தெளித்த பச்சைத் திட்டுகள்தான். நிகரகுவாவின் தாழ்நிலம் இடையே வந்து, வடக்கே இருக்கும் பறவைகளையும் தெற்கே கோஸ்ட்டா ரிக்கா, பனாமா மலைகளில் இருக்கும் பறவைகளையும் பிரித்துவைத்திருக்கிறது. வடக்கத்திப் பறவை சற்றுப் பெரியது, இறகும் நீளம். இரண்டையும் தனித்தனி இனங்களாகவே கொள்ள வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

உடலளவில் பெரிய பறவை இல்லை. அலகிலிருந்து வால் நுனி வரை 36 முதல் 40 செ.மீ., எடை சுமார் 200 கிராம். ஆனால் ஆண் பறவைக்கு அந்த வாலையும் தாண்டி 60 செ.மீ.க்கு மேல் இரண்டு பச்சை இறகுகள் தொங்கும். சிலவற்றில் அது ஒரு மீட்டரை நெருங்கும். இவை வால் இறகுகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வாலின் மேற்புறத்தைப் போர்த்தியிருக்கும் சிற்றிறகுகளில் நடுவே உள்ளவைதான் இப்படி அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டன. இளம் ஆணுக்கு இவை உடனே வந்துவிடாது, சில வருஷம் ஆகும். வந்தபின்னும் நிரந்தரம் இல்லை. ஒவ்வோர் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் உதிர்ந்து மறுபடி முளைக்கும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். வயிற்றுச் சிவப்பு கரோட்டினாய்டு என்ற நிறமியால் வருவது. உணவு வழியே உடலுக்குள் வரும் சங்கதி அது. முதுகின் பச்சை அப்படியில்லை. அந்த இறகுகளில் பச்சை நிறமி என்று ஒன்றும் கிடையாது. மெலனின் நுண்துகள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் விதத்தால் ஒளி சிதறிப் பச்சையாகத் தெரிகிறது. பார்க்கும் கோணம் மாறினால் பச்சை பொன்னாகும், நீலமாகும். படத்தில் பார்க்கிறவர்கள் இத்தனை பளபளப்பான பறவை காட்டில் எப்படி ஒளிந்துகொள்ளும் என்று கேட்பார்கள். மேகக் காட்டில் எல்லா இலையும் நனைந்து மினுங்கிக்கொண்டிருக்கும். பச்சை முதுகை நம் பக்கம் திருப்பி அசையாமல் உட்கார்ந்துவிட்டால், பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பறவையைக்கூட வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டினால்தான் தெரியும். பெட்டைக்கு அந்த நீள இறகும் கிடையாது, மார்பும் சாம்பல் கலந்த பழுப்பு. அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

கெட்சால் ட்ரோகன் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தீக்காக்கைக்குத் தூரத்து உறவு. இந்தக் குடும்பத்துக்கே உரிய ஒரு விநோதம் காலில் இருக்கிறது. கிளிக்கும் மரங்கொத்திக்கும் முதல் விரலும் நான்காம் விரலும் பின்னோக்கி இருக்கும். ட்ரோகன்களுக்கு மட்டும் முதல் விரலும் இரண்டாம் விரலும் பின்னோக்கியவை. வேறு எந்தப் பறவைக் குடும்பத்திலும் இந்த அமைப்பு இல்லை. கால்களும் வலுவற்றவை. கிளையைப் பற்றி உட்காரலாம், அவ்வளவுதான். கிளையில் நடப்பதும் தொங்கிப் பழம் பறிப்பதும் இதற்கு ஆகாத காரியம். அலகும் சின்னது, அகலமானது, மரத்தைத் துளைக்கும் பலம் அதில் இல்லை. இந்த இரண்டு பலவீனங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால், கெட்சாலுக்கு எந்த மாதிரிக் காடு வேண்டும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில் கூடு. கெட்சால் மரப்பொந்தில் முட்டையிடும். அலகு பலமில்லாததால் உறுதியான மரத்தில் பொந்து போட முடியாது. நின்றபடியே செத்து, உள்ளே மட்கி, விரலால் அழுத்தினால் பொடியும் நிலைக்கு வந்த மரம்தான் வேண்டும். அல்லது மரங்கொத்தி முன்பு போட்டுவிட்டுப் போன ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ளும். வனத்தைச் சுத்தமாக வைக்கிறோம் என்று பட்ட மரங்களை வெட்டி அகற்றினால் கெட்சாலுக்கு இடம் போயிற்று. மட்கிய மரம் நீண்ட நாள் நிற்பதும் இல்லை. பலத்த மழையில் சாய்ந்துவிடும், சில நேரம் குஞ்சுகளோடு. ஒன்று விழுந்தால் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். அதாவது, பல வயது மரங்கள் கலந்து நிற்கும் பழங்காடு வேண்டும்.

பொந்துக்குள் இரண்டு வெளிர்நீல முட்டைகள். பதினெட்டு நாள் போல அடைகாத்தல். பகலில் பெரும்பகுதி ஆணும், இரவில் பெட்டையும் உட்காரும். அத்தனை நீள இறகை வைத்துக்கொண்டு ஆண் எப்படி உள்ளே உட்காரும் என்பது பழைய புதிர். பொந்துக்கு இரண்டு வாசல் உண்டு, முன்னால் நுழைந்து பின்னால் வெளியே வரும், அதனால்தான் இறகு கெடுவதில்லை என்று ஒரு கதை நீண்ட காலம் உலவியது. கோஸ்ட்டா ரிக்காவில் 1930களின் இறுதியில் கூட்டின் எதிரே பொறுமையாக உட்கார்ந்து கவனித்த இயற்கையாளர் அலெக்சாண்டர் ஸ்கட்ச் அதற்கு முடிவு கட்டினார். வாசல் ஒன்றுதான். பறவை உள்ளே போய்த் திரும்பி வெளியைப் பார்த்து உட்காரும். நீண்ட இறகு முதுகுக்கு மேலே வளைந்து வாசல் வழியாக வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் முளைத்த பெரணி இலை என்றே தோன்றும்.

குஞ்சு பொரித்த முதல் நாட்களில் பூச்சி, சிறு பல்லி, தவளை, நத்தை என்று புரத உணவு. பழம் பிறகுதான் வரும். குஞ்சுகள் வளர்ந்து பறக்கும் பருவம் நெருங்கும்போது பெட்டை பல சமயம் பொறுப்பைத் தட்டிக்கழித்துவிடும், மீதி வேலை ஆணின் தலையில். இறகு அழகுக்கு மட்டுமே வைத்திருக்கிறது என்று ஆணை ஒதுக்கிவிட முடியாது.

பழமும் விதையும்

கெட்சாலின் கதை உண்மையில் ஒரு மரக் குடும்பத்தின் கதை. லாரேசி என்று தாவரவியலில் சொல்லும் குடும்பம். நாம் சாப்பிடும் அவகாடோவும் இலவங்கப்பட்டையும் பிரிஞ்சி இலையும் இதில்தான் வருகின்றன. மத்திய அமெரிக்க மலைக்காடுகளில் இந்தக் குடும்பத்து மரங்கள் பல வகை. அவற்றின் பழங்களைக் கோஸ்ட்டா ரிக்கா மக்கள் அகுவாகத்தியோ, அதாவது குட்டி அவகாடோ என்று மொத்தமாகக் கூப்பிடுகிறார்கள். கடையில் விற்கும் அவகாடோவின் சாயல்தான், ஆனால் அளவு ஒரு பெரிய ஆலிவ் காய் போல. நடுவே பெரிய விதை, அதைச் சுற்றி மெல்லிய சதை. சதை மெலிது என்றாலும் கொழுப்பும் புரதமும் மிகுந்தது. காட்டுப் பழங்களில் பெரும்பாலானவை சர்க்கரைத் தண்ணீர்தான். இது அப்படியில்லை, ஒரு பறவை உடம்பைத் தேற்றிக்கொண்டு குஞ்சும் வளர்க்கும் அளவுக்குச் சத்துள்ள உணவு.

பறிப்பது ஒரு வித்தை. கிளையில் நடக்க முடியாத பறவை என்று முன்பே பார்த்தோம். அது எதிர்க் கிளையிலிருந்து எழும்பி, பழத்தின் முன்னால் ஒரு நொடி சிறகடித்து நின்று, பழத்தைக் கொத்திப் பறித்துக்கொண்டு தன் இடத்துக்கே திரும்பிவிடும். அப்புறம் பழத்தை முழுசாக விழுங்கும். சதை வயிற்றில் கரைந்தபின் விதையை வாய் வழியாகக் கக்கிவிடும். அதற்கு அரைமணி, ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குள் பறவை தாய்மரத்தை விட்டு நகர்ந்திருக்கும். விதை சேதமில்லாமல் புதிய இடத்தில் விழும்.

கோஸ்ட்டா ரிக்காவின் மான்டேவெர்தே மேகக் காட்டில் 1980களின் தொடக்கத்தில் இந்த உறவை நுணுக்கமாக ஆராய்ந்தவர் நத்தானியல் வீல்ரைட். அவர் கவனித்ததில் முக்கியமான ஒன்று வாயின் அகலம். பழத்தை முழுதாக விழுங்கும் பறவைக்கு, எவ்வளவு பெரிய பழத்தை உண்ணலாம் என்பதைத் தீர்மானிப்பது அலகு எவ்வளவு விரியும் என்பதுதான். பெரிய விதை கொண்ட லாரேசிப் பழத்தை விழுங்க அந்த மலையில் சில பறவைகளால்தான் முடியும்: கெட்சால், மரகத டூக்கன் என்ற பெரிய அலகுப் பறவை, மூன்று தாடி மணிப்பறவை, கருங்குவான் என்ற காட்டுக்கோழி போன்ற பறவை. சிறிய குருவிகளால் சதையைக் கொத்த முடியும், விதையைக் கொண்டுபோக முடியாது. இந்த நாலைந்து பறவைகள் மறைந்தால் பெரிய விதை மரங்கள் தம் காலடியிலேயே பிள்ளை போட்டு, அங்கேயே அவை நலிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தப் பட்டியலில் ஒரு முரணும் இருக்கிறது. மரகத டூக்கன் கெட்சாலின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் எதிரி. விதை பரப்புவதில் இரண்டும் ஒரே கட்சி, கூடு என்று வந்தால் பகை.

இந்த மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு மாதம், உயரத்தைப் பொறுத்து அதுவும் மாறும். சில மரங்கள் ஒரு வருஷம் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த வருஷம் கைவிரித்துவிடும். லாரேசிப் பழத்தை இவ்வளவு நம்பி வாழும் பறவை, பழம் எங்கே இருக்கிறதோ அங்கே போயாக வேண்டும்.

ரேடியோ சொன்ன விஷயம்

மான்டேவெர்தே கோஸ்ட்டா ரிக்காவின் வடமேற்கில், திலாரான் மலைத்தொடரில் இருக்கிறது. அதன் வரலாறு ஒரு தனிக் கதை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து, போருக்குப் போக மறுத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் சில 1951-இல் இங்கே வந்து நிலம் வாங்கிக் குடியேறின. கோஸ்ட்டா ரிக்கா அப்போதுதான், 1948-இல், ராணுவத்தையே கலைத்திருந்தது. அந்தக் குடும்பங்கள் மாடு வளர்த்து, பால் கறந்து, பாலாடைக்கட்டி தயாரித்தார்கள். தண்ணீர் ஊற்றெடுக்கும் மேட்டுக் காட்டை மட்டும் வெட்டக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். நோக்கம் பறவை இல்லை, தண்ணீர்தான். 1972-இல் பறவை ஆய்வாளர் ஜார்ஜ் பவலின் முயற்சியால் அதையொட்டி மேகக் காட்டுக் காப்பகம் உருவானது. கெட்சாலைப் பார்க்க உலகெங்கும் இருந்து ஆட்கள் வர, ஊரின் பொருளாதாரமே மாறியது.

அதே பவலும், அவரோடு ராபின் ப்யோர்க்கும், பிற்பாடு கெட்சால்களின் மேல் சின்ன ரேடியோ கருவிகளைப் பொருத்தி அவற்றைத் துரத்தினார்கள். 1994, 1995-இல் வெளியான அவர்களுடைய முடிவுகள்தான் நான் முதலில் சொன்ன சங்கடம். இனப்பெருக்கம் முடிந்ததும், ஆண்டின் நடுப்பகுதியில், பறவைகள் காப்பகத்தை விட்டு பசிபிக் பக்கச் சரிவில் இறங்கின. 1,100 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் சில மாதங்கள் தங்கின. பிறகு மலைமுகட்டைத் தாண்டி கரீபியன் பக்கச் சரிவுக்குப் போய் அங்கே சில காலம். வருஷம் பிறந்ததும் மறுபடி மேலே, கூடு கட்டும் இடத்துக்கு. ஒரு கெட்சாலின் ஆண்டு என்பது ஒரு மலையின் இரண்டு தோள்களிலும் ஏறி இறங்கும் சுற்று.

இதில் சிக்கல் பசிபிக் பக்கச் சரிவில்தான். உச்சிக் காடு காப்பகத்தில் இருந்தது. கரீபியன் பக்கத்தில் பெருமழையும் செங்குத்துச் சரிவும் காட்டை ஓரளவு காப்பாற்றின. பசிபிக் பக்கத்து நடுச்சரிவோ மாட்டுப் புல்வெளியும் காப்பித் தோட்டமும் வீடுகளுமாக மாறி, காடு சிறு சிறு துண்டுகளாக நின்றது. அந்தத் துண்டுகள் எல்லாம் தனியார் நிலம். நாளை உரிமையாளர் வெட்ட நினைத்தால் வெட்டிவிடலாம் என்ற நிலை. பறவைகள் வருஷத்தில் பல மாதங்களைக் கழித்தது இந்தத் துண்டுகளில்தான், ஏனென்றால் அந்த மாதங்களில் பழுக்கும் லாரேசி மரங்கள் அங்கேதான் இருந்தன.

உச்சியில் உள்ள அழகான காட்டை வளைப்பது சுலபம். அந்த நிலம் விவசாயத்துக்குப் பெரிதாக உதவாது, எதிர்ப்பும் குறைவு. நடுச்சரிவு அப்படியில்லை. காப்பிக்கு ஏற்ற உயரம், மாட்டுக்கு ஏற்ற புல், ஊருக்கு ஏற்ற தட்பவெப்பம் எல்லாம் அங்கேதான். மத்திய அமெரிக்கா முழுவதும் பாதுகாக்கப்பட்ட காடுகள் மலைமுகட்டில் குவிந்துகிடப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பறவையின் தேவையைப் பார்த்துக் கோடு போட்டதைவிட, யாருக்கும் வேண்டாத நிலத்தைப் பார்த்துப் போட்ட கோடுகளே அதிகம்.

சியாபாஸிலும் இதே கதைதான். அங்குள்ள எல் த்ரியுன்ஃபோ உயிர்க்கோளக் காப்பகம் 1990-இல் அறிவிக்கப்பட்டது. மெக்சிகோவில் கெட்சால் எஞ்சியிருக்கும் முக்கியமான இடம். காப்பகத்தின் மையப் பகுதி ஒரே துண்டாக இல்லை. ஐந்து தனித்தனித் திட்டுகள், இடையே காப்பித் தோட்டங்களும் கிராமங்களும். அங்கும் பறவைகள் கூடு கட்டிய காட்டை விட்டு வேறு உயரத்துக்குப் போய்வருகின்றன. எனவே இடையில் உள்ள காப்பித் தோட்டம் நிழல்மரங்களோடு இருக்கிறதா, வெட்டவெளியாக இருக்கிறதா என்பது கெட்சாலுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம்.

ஏறிக்கொண்டே போகும் மேகம்

மேகக் காட்டை இதுவரை பெயரளவில் சொல்லிக்கொண்டு வந்தேன். அது எப்படி உருவாகிறது என்று பார்த்தால்தான் அடுத்த ஆபத்து புரியும். கரீபியன் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று தாழ்நிலத்தைக் கடந்து மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மேகமாகிறது. அந்த உயரத்தில் உள்ள காடு நாளின் பெரும்பகுதி மேகத்துக்குள்ளேயே இருக்கும். மழை பெய்யாத நாளிலும் இலைகளும் பாசியும் மேகத்திலிருந்து நீரைச் சீவி எடுத்துச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு கிளையும் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் போர்த்தியபடி இருக்கிறது. மான்டேவெர்தே பகுதியில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள். மரங்கள் சீக்கிரம் மட்குவதும் இந்த ஈரத்தால்தான். கெட்சாலின் பொந்துக்கு வேண்டிய பதமான மரம் இப்படித்தான் கிடைக்கிறது.

காற்று வெப்பமானால் மேகம் உருவாகும் உயரமும் மேலே போகும். 1999-இல் ஆலன் பவுண்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, மான்டேவெர்தேயில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து மேகத்துளி இல்லாத வறண்ட நாட்கள் கூடிவந்ததைக் காட்டியது. அதே காலத்தில் அங்கு மட்டுமே வாழ்ந்த பொன் தேரை காணாமல் போனது. 1987-இல் ஆயிரத்துக்கும் மேல் கூடிய தேரைகளில் 1989-இல் ஒன்றே ஒன்றுதான் தென்பட்டது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதன் அழிவில் தோலைத் தாக்கும் பூஞ்சை நோய்க்கும் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள். பழியை யார் எவ்வளவு பங்கிட்டுக்கொள்வது என்ற விவாதம் நீண்டது.

கெட்சாலைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையில் இன்னொரு செய்தி இருந்தது. தாழ்நிலத்துப் பறவைகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. படகு போன்ற அலகில் பல நிறம் காட்டும் தாழ்நிலத்து டூக்கன் 1,500 மீட்டருக்கு மேல் வந்து கூடு கட்டத் தொடங்கியது, கெட்சால் வாழும் அதே காட்டில். இதற்கும் மரப்பொந்து வேண்டும், பழம் வேண்டும், அடுத்தவர் முட்டை கிடைத்தால் அதையும் விடாது. ஏற்கெனவே ஒரு டூக்கனோடு மல்லுக்கட்டும் பறவைக்கு அதைவிடப் பெரிய இன்னொன்று அண்டைவீட்டுக்கு வந்துவிட்டது.

வெப்பமயமாதல் மட்டும்தான் காரணம் என்றால் ஊர்க்காரர்கள் என்ன செய்துவிட முடியும் என்று கையைக் கட்டிக்கொள்ளலாம். 2001-இல் லாட்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் சொன்ன விஷயம் அந்தச் சாக்கையும் பறித்துவிட்டது. கரீபியன் பக்கத் தாழ்நிலக் காடுகளை அழித்துப் புல்வெளியாக்கிய இடங்களின் மேல் மேகம் குறைவாகவே உருவாகிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. காடு காற்றுக்கு ஈரம் கொடுக்கிறது, புல்வெளி கொடுப்பது குறைவு, அதோடு வெப்பம் அதிகம். அந்தக் காற்று மலையேறும்போது மேகம் இன்னும் உயரத்தில்தான் தொடங்குகிறது. அதாவது உச்சிக் காட்டில் ஒரு மரத்தைக்கூட வெட்டாமலேயே, கீழே பல கிலோமீட்டர் தள்ளி வெட்டிய மரங்களால் உச்சிக் காட்டை உலர வைக்க முடியும். மேகம் மேலே போனால் அதைப் பின்தொடர்ந்து காடும் பறவையும் ஏறலாம்தான், மலை முடியும் வரை.

இறகுக்குக் கொடுத்த விலை

மனிதர்களோடு கெட்சாலின் உறவு பழையது. மாயா, அஸ்டெக் ஆட்சியாளர்களுக்கு இந்தப் பச்சை இறகு தங்கத்தைவிட மேலான பொருள். இறகுப் பாம்பாகச் சித்திரிக்கப்பட்ட கெட்சால்கோவாட்ல் கடவுளின் உடலில் இருப்பதும் இதே இறகுதான். அஸ்டெக் தலைநகரைச் சுற்றிய மலைகளில் கெட்சால் கிடையாது. இறகு தெற்கே இருந்து கப்பமாகவும் வணிகத்திலும் வந்தது. அதை ஆடையாகவும் கேடயமாகவும் கோக்க அமன்தேக்கா என்ற தனிக் கைவினைஞர் கூட்டமே இருந்தது. பறவையைப் பிடித்து இறகைப் பிடுங்கிக்கொண்டு உயிரோடு விட்டுவிடுவதும், கொன்றவருக்கு மரண தண்டனை விதிப்பதும் குவாத்தமாலாவின் வெராபாஸ் பகுதியில் வழக்கமாக இருந்தது என்று 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ் எழுதி வைத்திருக்கிறார். உதிர்ந்து மறுபடி முளைக்கும் இறகு என்பதால் இது நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடுதான்.

அந்த உலகத்திலிருந்து மிஞ்சிய பொருள்களில் பெயர்பெற்றது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொக்தெசுமாவின் தலையணி என்று பெயர், ஆனால் அந்த மன்னர் அணிந்ததற்குச் சான்று இல்லை. ஆஸ்திரியாவின் அம்ப்ராஸ் கோட்டையில் 1596-இல் எடுத்த பொருள் பட்டியலில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதில் நீண்ட கெட்சால் இறகுகள் நானூறுக்கும் மேல். ஒரு பறவைக்கு நீண்ட இறகு இரண்டே என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எத்தனை பறவைகள் என்று புரியும். மெக்சிகோ இதைத் திருப்பிக் கேட்டுவருகிறது. பயண அதிர்வை இறகுகள் தாங்காது என்பது ஆய்வு செய்தவர்கள் சொன்ன பதில். மெக்சிகோ நகர அருங்காட்சியகத்தில் இப்போது இருப்பது 1940-இல் செய்த நகல்.

ஸ்பானியர் வந்தபின், பறவையைக் கொல்லக் கூடாது என்ற அந்தப் பழைய கட்டுப்பாடு போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கும் தொப்பிக் கடைகளுக்கும் கெட்சால்கள் கொன்று உரித்து அனுப்பப்பட்டன. இன்று பன்னாட்டு வணிகம் முழுக்கத் தடைசெய்யப்பட்டிருக்கிறது, சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இதன் பெயர் உண்டு. எனவே இறகு வேட்டை இப்போது முதன்மை ஆபத்து இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறு நிலையை அண்மித்த இனமாகவும், எண்ணிக்கை குறைந்துவரும் இனமாகவும் வைத்திருப்பதற்குக் காரணம் காடு சுருங்குவதுதான்.

குவாத்தமாலாவில் இதை முன்கூட்டியே உணர்ந்தவர் மரியோ தாரி. சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர். 1970களில் பாஹா வெராபாஸின் மேகக் காட்டில் சுமார் ஆயிரம் ஹெக்டேரைக் கெட்சாலுக்கு என்று பாதுகாக்க வைத்தார். பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது, உள்நாட்டுப் போரின் நடுவே, 1981-இல் கொல்லப்பட்டார். காப்பகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. ஆயிரம் ஹெக்டேர் சிறியது. ஆனால் கோபான் நகருக்குப் போகும் சாலையோரத்தில் நாட்டின் சின்னம் இன்னும் பறந்துகொண்டிருப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது.

கோஸ்ட்டா ரிக்காவின் வழி வேறு. 1996-இல் வந்த வனச் சட்டம், காடாக இருக்கும் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. தனியார் தம் நிலத்தில் காட்டைக் காத்தால் அரசே பணம் கொடுக்கும் திட்டம் அடுத்த ஆண்டு தொடங்கியது. எரிபொருள் வரியின் ஒரு பங்குதான் அதற்கு நிதி. கெட்சாலின் பிரச்சினை தனியார் கையில் இருக்கும் நடுச்சரிவில் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு எந்தத் தேசியப் பூங்காவைவிடவும் அதற்கு நெருக்கமானது. 2005-இல் தலமன்கா மலையில் கெட்சால் பெயரிலேயே ஒரு தேசியப் பூங்காவும் வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கான சான் ஹெரார்தோ தே தோத்தாவில் பண்ணைக்காரர்கள் தம் தோட்டத்தில் கெட்சால் வந்து தங்கும் மரத்தைப் பயணிகளுக்குக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். அந்த மரத்தை வெட்டும் யோசனை அங்கே யாருக்கும் வராது.

மான்டேவெர்தே மக்கள் இப்போது உச்சிக் காட்டிலிருந்து நிகோயா வளைகுடாக் கடற்கரை வரை ஒரு வழித்தடமாகக் காட்டுத் துண்டுகளை இணைக்க முயல்கிறார்கள். மணிப்பறவையின் பெயர் வைத்த வழித்தடம் அது, ஏனென்றால் அந்தப் பறவையும் கெட்சாலைப் போலவே சரிவுகளில் ஏறி இறங்குகிறது, இன்னும் வெகுதூரம். நட வேண்டிய மரங்களில் லாரேசி முக்கியமானது. அதில் ஒரு தொல்லை உண்டு. அவகாடோ வீட்டில் வளர்த்தவர்களுக்குத் தெரியும், அந்த விதையைக் காயவைத்துப் பெட்டியில் சேமிக்க முடியாது, செத்துவிடும். காட்டு வகைகளுக்கும் பெரும்பாலும் அதே கதி. பழம் விழுந்த சில நாட்களில் பொறுக்கி, உடனே நாற்றுப் போட்டாக வேண்டும். அந்த வருஷம் மரம் காய்க்கவில்லை என்றால் நாற்றங்கால் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கிறது. நட்ட கன்று பழம் கொடுக்கும் வயதுக்கு வரப் பல வருஷங்கள் ஆகும். அதுவரை புல்வெளியின் நடுவே யாரோ விட்டுவைத்த ஒற்றைக் கிழட்டு மரங்களும் வேலியோர மரங்களும்தான் கீழே இறங்கி வரும் பறவைகளுக்குச் சாப்பாடு.